சொல்லாமல் இருந்த பதினோரு நாள்

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கூடம் ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. அதற்கு முன்னால் பத்து வருடம் நான் தெருவைத் தாண்டித் தனியாகப் போனதில்லை.

முதல் பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை. அதற்குப் பிறகு என் வலது காதுக்குப் பின்னால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பேச ஆரம்பித்தார்கள். என்னிடம் பேச மாட்டார்கள். என்னைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். "இந்தா, சோத்துப் பானையத் தூக்குறா. கீழ போடப் போறா பாரு." பானை கீழே விழும். இருவரும் சிரிப்பார்கள். என் கணவர் என்னை அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார், பிறகு வரவில்லை. அம்மா தர்காவுக்குக் கூட்டிப் போனார். அண்ணன் மதுரையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார். மாத்திரையில் குரல்கள் தணிந்தன, ஆனால் முழுதாகப் போகவில்லை. கை நடுங்கியது. காலையில் எட்டு மணிக்கு எழுப்பினால் பத்து மணிக்குத்தான் நான் யார் என்பது எனக்கு நினைவுக்கு வரும்.

தேனியிலிருந்து ஸ்கூட்டியில் வரும் ஒரு பெண்தான் என்னை வெளியே கொண்டுவந்தார். மனநோய் உள்ளவர்களுக்கு வேலை பார்த்துக் கொடுத்து, அந்த வேலையில் அவர்கள் நிலைக்கும்வரை கூடவே நிற்பது அவருடைய வேலை. வயதில் என்னைவிட இளையவர், ஆனாலும் நான் மேடம் என்றுதான் கூப்பிடுவேன். கூடத்து முதலாளியிடம் அவர் பேசியபோது நான் வாசலில் நின்றிருந்தேன்.

"ஏம்மா, தெரியாமத்தான் கேக்குறேன்," என்றார் முதலாளி. "இங்க முப்பது பொம்பளைக உக்காந்திருக்காக. திடுதிப்புனு சத்தம் போட்டா நான் என்ன செய்யிறது?"

"சத்தம் போட மாட்டாகண்ணே. மனசு சரியில்லாட்டி எந்திருச்சு வெளிய போயிட்டு வருவாக. ஏன் போறன்னு மட்டும் யாரும் கேக்கக் கூடாது."

"சோலி நேரத்துல பாதி வெளியவே நின்னா?"

"ஒரு மாசம் பாருங்க. நானும் கூட உக்காருறேன்."

சொன்னபடி மூன்று வாரம் என் பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்து அவரும் காய் பிரித்தார். பச்சை குறையாத காய் ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம். அவர் எல்லாவற்றையும் கலந்துவிடுவார். பெண்கள் அவரைப் பார்த்துச் சிரித்ததில் என் கை நடுக்கம் யார் கண்ணிலும் படவில்லை. எனக்கு அரை நாள் வேலை, வாசலோரத்து இடம். குரல்கள் ஏறினால் எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவி வருவேன். கூடத்தில் காற்றாடி போட மாட்டார்கள், தோல் பறக்கும் என்று. வேர்வையில் நனைந்து வீடு திரும்பும்போது தலைமுடியெல்லாம் ஏலக்காய் மணக்கும். அம்மா கதவைத் திறந்ததும் மோந்து பார்ப்பார். வேலைக்குத்தான் போய் வருகிறேனா என்ற சந்தேகம் அவருக்குப் பல மாதம் தீரவில்லை.

சனிக்கிழமை மதியம் ஒரு துணிக்கடை மாடியில் எங்களைப் போன்றவர்கள் கூடுவோம். எட்டுப் பத்துப் பேர் வருவார்கள். அங்கே யாரும் யாருக்கும் ஆறுதல் சொல்லக் கூடாது என்பது எழுதாத சட்டம். முன்பு பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த ஒருவர்தான் எனக்கு ஒன்று சொல்லிக் கொடுத்தார். அடுத்தவருக்குக் கேட்கும் குரலோடு சண்டைக்குப் போகாதே, அது என்ன சொல்கிறது என்று கேள், என்றார்.

ஒன்றரை வருடம் இப்படிப் போனது. அப்போதுதான் பக்கத்து ஊரான சிலமலையிலிருந்து அந்தப் பெண் வந்தாள்.

இருபத்து நான்கு வயது. வெள்ளாமை பார்க்கும் குடும்பம். நர்சிங் படித்துக்கொண்டிருந்தபோது நோய் வந்து படிப்பு நின்றுவிட்டது. அவளை எங்கள் கூடத்தில் சேர்த்துவிட்டு மேடம் என்னிடம், "இந்தத் தடவ நான் உக்காரல. நீங்க கூட உக்காருங்க," என்றார்.

"எனக்கே ஒரு ஆளு தொணைக்கு வேணும் மேடம்."

"அதனாலதான் ஒங்களக் கேக்குறேன்."

அவள் பத்தே நாளில் என்னைவிட வேகமாகப் பிரித்தாள். துணை என்று நான் செய்தது ஒன்றுமில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து அவளோடு நடந்து வருவேன், மாத்திரை போட்டாயா என்று கேட்பேன், அவ்வளவுதான். ஒரு நாள் அவள் காயிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"அக்கா, ஒங்க ஆளுக இன்னிக்கி என்ன சொல்லுறாக?"

பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டாள். பத்து வருடத்தில் டாக்டர்கூட அப்படிக் கேட்டதில்லை.

"எனக்குக் காய் பிரிக்கவே தெரியலையாம்," என்றேன்.

"அது உண்மதானக்கா," என்றாள்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டை இருவரும் ஒரே இலையில் கொட்டிச் சாப்பிட்டோம். அவள் கொண்டுவரும் கத்தரிக்காய்க் கூட்டுக்காகவே நான் காலையில் எழுந்திருக்கப் பழகினேன்.

மழை தொடங்கிய ஒரு திங்கட்கிழமை, குழாயடியில் அவள் என் கையைப் பிடித்தாள்.

"பொண்ணு பாக்க வர்றாகக்கா. கம்பத்துலேர்ந்து."

"நல்லதுதான ஆத்தா."

"மாத்திரைய நிப்பாட்டிட்டேன்."

"யாரக் கேட்டு நிப்பாட்டுன?"

"ஒடம்பு ஊதிப்போச்சுல்ல. எந்நேரமும் தூங்கி வழியிறேன். அம்மாதான் சொன்னாக. கல்யாணம் முடியட்டும், பெறகு போட்டுக்கலாம்னு. அப்பாவுக்குத் தெரியாது."

"மேடத்துக்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருவோம்."

அவள் கையை விட்டாள். "சொன்னீகன்னா ஒங்க மொகத்துல முழிக்க மாட்டேன். நீங்களும் மத்த ஆளுக மாதிரித்தான்னு நெனச்சுக்கிறேன்."

நான் சொல்லவில்லை.

இதற்கு நான் பல காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ரகசியத்தைக் காப்பது ஒரு மரியாதை என்று நினைத்தேன். அவளாகவே இரண்டு நாளில் பயந்து மாத்திரையை எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். உண்மையான காரணம், அவளை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை. எங்களில் ஒருத்திக்காவது கல்யாணம் நிலைக்கட்டும் என்ற ஆசையும் இருந்தது. அந்த மாப்பிள்ளையை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அவர்களுக்குப் பிறக்கும் குழந்தையை மடியில் வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன்.

நான்காம் நாள் அவள் பளிச்சென்று இருந்தாள். தூக்கக் கலக்கம் போய் முகம் தெளிந்திருந்தது. நம் எல்லாருக்குமே மாத்திரைதான் கெடுதலோ என்று எனக்குத் தோன்றியது. அந்த வாரம் என் மாத்திரையையும் இரண்டு வேளை விட்டுப் பார்த்தேன். ஆறாம் நாள் அவள் தூங்கவே இல்லை என்றாள். அன்று சனிக்கிழமை, மதியம் துணிக்கடை மாடிக்கு அவள் வரவில்லை. "ரெண்டு பேரும் எப்படி இருக்கீக?" என்று மேடம் கேட்டார். "நல்லா இருக்கோம் மேடம்," என்றேன். வாத்தியார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதாம் நாள் மேடத்துக்குப் போன் போட்டேன். அவர் எடுத்ததும், "சும்மாதான் கூப்புட்டேன்," என்று வைத்துவிட்டேன்.

பதினோராம் நாள் காலை பதினோரு மணி இருக்கும். அவள் கையிலிருந்த சல்லடையை ஓங்கி எறிந்தாள். எதிரில் உட்கார்ந்திருந்த பெண்ணின் புருவத்தில் பட்டு ரத்தம் ஒழுகியது. பிரித்து வைத்த குவியல்களையெல்லாம் காலால் கலைத்தாள்.

"என் கல்யாணத்த நிப்பாட்டப் பாக்குறீக! அம்புட்டுப் பேரும் சேந்து பேசுறீக, எனக்குக் கேக்காதுன்னு நெனப்பா?"

நான் எழுந்து அவள் அருகில் போனேன். அவள் என்னையும் அந்தக் கூட்டத்தோடு சேர்த்துப் பார்த்தாள். அடுத்த நிமிடம் வெளியே ஓடிவிட்டாள். முதலாளி ஒரு துண்டை அடிபட்ட பெண்ணின் புருவத்தில் அழுத்திக்கொண்டே என்னிடம், "இதுக்குத்தான நான் மொதல்லயே கேட்டேன்?" என்றார்.

தெருவில் அவள் இல்லை. போன் அடித்தேன். அது கூடத்தில், அவளுடைய சாப்பாட்டுப் பைக்குள் அடித்தது. ஓடினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் நிற்கும் இடத்தில் கேட்டேன். "மஞ்சச் சுடிதாரா? போடிமெட்டுக்கு லோடு ஏத்திட்டுப் போன வண்டியில ஏறிருச்சும்மா. மேல கல்யாணம்னு சொல்லுச்சு," என்றார் ஒரு டிரைவர்.

மேடத்துக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரையைப் பற்றியும் அப்போதுதான் சொன்னேன். "எத்தன நாளா?" என்றார். சொன்னேன். "நான் தேனியில இருக்கேன். வெரசா வர்றேன். நீங்க தனியாப் போகாதீக. ஒங்களுக்கும் ஆகாது."

நான் அந்த டிரைவரிடம் கையெடுத்துக் கும்பிட்டேன். "அண்ணே, மேல கூட்டிட்டுப் போங்கண்ணே." அவருக்கு என்ன தோன்றியதோ, ஏறச் சொன்னார்.

அடிவாரத்தில் முந்தல் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் மேகம் ரோட்டுக்கு இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் ஹாரனை அழுத்தினார். என் காதுக்குப் பின்னால் இருவரும் பல வருடமாக இல்லாத தெளிவோடு பேசினார்கள். "செத்துருப்பா. இவதான கொன்னா. பாரு, ஜீப்புல சொகுசாப் போறா." நான் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் தெரிந்த துஆவையெல்லாம் ஓதினேன். பாதி ஓதும்போதே அவர்கள் அடுத்த வரியைத் தப்பாகச் சொல்லி என்னைக் குழப்பினார்கள். எதிரே இறங்கி வந்த ஒரு ஜீப்பை எங்கள் டிரைவர் நிறுத்தினார். அந்த வண்டியில்தான் அவள் போயிருந்தாள். வாந்தி வருகிறது என்று பாதி மலையில் இறங்கியவள் திரும்ப ஏறவில்லையாம்.

மூன்று வளைவு மேலே அவளைப் பார்த்தோம். ரோட்டோரத் தடுப்புச் சுவரில், பள்ளத்துப் பக்கம் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். தலைமுடியை அவிழ்த்து விட்டிருந்தாள். கீழே ஒன்றுமே தெரியவில்லை, வெறும் வெள்ளை.

டிரைவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் போய், கை எட்டாத தூரத்தில் ரோட்டிலேயே உட்கார்ந்தேன்.

"ஆத்தா, நாந்தான்."

அவள் திரும்பவில்லை.

"என்ன சொல்லுறாக?" என்று கேட்டேன்.

பள்ளத்தைப் பார்த்தபடியே சொன்னாள். "மாப்பிள்ள கீழ நிக்கிறாராம். மாலையோட. எல்லாரும் வந்துட்டாகளாம். நான்தான் இன்னும் எறங்கலையாம்."

அவள் குரலில் வெட்கமும் அவசரமும் இருந்தன. கல்யாணப் பெண்ணின் குரல்தான் அது. எனக்கு அவள் சொன்ன மாப்பிள்ளை தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்குக் கேட்கும் குரல்களைச் சொல்லி, இதுவும் அப்படித்தான் என்று பேசியிருக்கலாம். மாடியில் அப்படித்தான் கற்றுக்கொண்டோம். அவள் உட்கார்ந்தபடியே ஒரு விரற்கடை முன்னால் நகர்ந்தாள். நான் கற்றதெல்லாம் பறந்து போயிற்று.

"அப்படி எறங்கக் கூடாது ஆத்தா," என்றேன். "பொண்ணு நடந்தா போகும்? ஜீப்பு கொண்டாந்திருக்கேன் பாரு. ரோட்டு வழியாப் போனா வெரசாப் போயிரலாம். அவுக காத்துக்கிட்டிருக்காக."

அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தாள். "நெசமாவா அக்கா?"

"நெசமாத்தான்."

அவள் காலை இந்தப் பக்கம் போட்டு இறங்கி வந்தாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். இறக்கம் முழுக்க என் துப்பட்டா நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டும் ஈர முடியைப் பின்னிக்கொண்டும் வந்தாள். பின்னி முடித்ததும் பூ இல்லையே என்றாள். போய் வாங்கிக்கலாம் என்றேன். முந்தலில் மேடம் எங்களோடு ஏறிக்கொண்டார். ஜீப் போடியில் நிற்காமல் தேனிக்குப் போனது. பெரிய ஆஸ்பத்திரி வாசலில் அவசர விளக்கைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் கத்தவில்லை. என் கையிலிருந்து தன் கையை ஒவ்வொரு விரலாக எடுத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் அங்கே இருந்தாள். நான் போன இரண்டு தடவையும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். இரண்டாவது தடவை அவளுடைய அப்பா என்னை வராந்தாவில் மறித்தார். கம்பத்துக்காரர்கள் விஷயம் தெரிந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"தெரிஞ்சும் பதினோரு நாளு வாயத் தொறக்காம இருந்திருக்க. ஒன்ன நம்பித்தான புள்ளைய அனுப்புனோம்? சீக்குக்காரிக்குச் சீக்குக்காரி தொணைன்னு சொன்னப்பவே நான் யோசிச்சிருக்கணும்."

பக்கத்தில் அவளுடைய அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்து நின்றார். மாத்திரையை நிறுத்தச் சொன்னது அவர் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதை அவளுடைய அப்பாவிடம் சொல்லாமல் பஸ் ஏறினேன். இந்தத் தடவை மறைத்தது சரியா தப்பா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கூடத்தில் எங்கள் இரண்டு பேரையுமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருந்த இரண்டு மாதத்தில் குரல்கள் பழைய பலத்துக்கு வந்தன. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அம்மா மறுபடி என் பின்னாலேயே குளியலறை வாசல்வரை வர ஆரம்பித்தார். மாடிக்குப் போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். வாத்தியார், "நானா இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்," என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை, பயமாக இருந்தது. மேடம் படி இறங்கி வந்ததும், அவளைச் சேர்த்துவிட்டு வாரம் ஒரு தடவையாவது தான் நேரில் வந்து பார்த்திருக்க வேண்டும் என்று சொல்லி, ஸ்கூட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு அழுதார்.

அவர்தான் முதலாளியிடம் நடையாய் நடந்து பேசினார். கடைசியில் முதலாளி, "பெரியவ மட்டும் வரட்டும்," என்றார். என்னைத்தான் சொன்னார். போவதா வேண்டாமா என்று ஒரு நாள்கூட நான் யோசிக்கவில்லை. மறுநாளே போனேன். அந்த அவசரத்தை நினைத்தால் இப்போதும் சோறு இறங்காது. பெண்கள் சாக்கைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். புருவத்தில் தையல் தழும்போடு இருந்த பெண் மட்டும், "அந்தப் புள்ள எப்படி இருக்கு?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

செவ்வாய்க்கிழமை எங்களுக்கு விடுமுறை. சிலமலைக்குப் போனேன். அவளுடைய அப்பா வயலுக்குப் போயிருந்தார். அவளுடைய அம்மா என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனார். ஒரு தனி அறை, வெளிப்பக்கம் தாழ்ப்பாள். அதைத் திறந்து என்னை உள்ளே விட்டார். அவள் பாயில் படுத்திருந்தாள், உடம்பு முன்பைவிட ஊதியிருந்தது. நான் ஓரமாக உட்கார்ந்து, ஒரு மணி நேரம் கழித்து எழுந்து வந்தேன். அடுத்த செவ்வாயும் போனேன். ஏழெட்டு வாரம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. தாழ்ப்பாளைப் பற்றி மேடம் இரண்டு முறை வந்து பேசினார். திரும்பவும் மலைக்கு ஓடிப் போனால் நீங்களா பொறுப்பு என்று அப்பா கேட்டார். குரங்கணிப் பக்கம் காப்பி நாற்றுப் பண்ணையில் ஓர் இடம் இருக்கிறது என்று மேடம் சொன்னார். மலையின் பெயரை எடுத்ததுமே அப்பா அவரை வெளியே போகச் சொல்லிவிட்டார்.

போன மாதம் ஒரு செவ்வாய் அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"கூடத்துல என்னைய எடுப்பாகளாக்கா?"

பார்க்கலாம் என்று சொல்ல வாய் வந்தது. "எடுக்க மாட்டாக," என்றேன். "என்னைய மட்டுந்தான் எடுத்தாக. நான் போயிட்டேன்."

அவள் தலையாட்டினாள். பிறகு பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்.

"அன்னிக்கி மலையில வச்சு, மாப்பிள்ள காத்துக்கிட்டிருக்காருன்னு சொன்னீகளே. நீங்க அத நம்புனீகளா?"

"இல்ல ஆத்தா."

"நான் நம்புனேன்," என்றாள். "பூ வாங்கித் தருவீகன்னுகூட நம்புனேன்."

மன்னித்துவிடு என்று நான் கேட்கவில்லை, கேட்டால் அவள் எனக்கு ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவள் சுவரைப் பார்த்துப் படுத்தாள். பஸ் நேரம் வரும்வரை இருந்துவிட்டு எழுந்தேன்.

அடுத்த வாரம் போனபோது அவள் பேசவில்லை, ஆனால் நான் கொண்டுபோன பிஸ்கட்டைச் சாப்பிட்டாள். நேற்றும் போனேன். தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா வாசலில் இருந்ததால், பகலிலாவது கதவைத் திறந்து வைக்கக் கூடாதா என்று கேட்டேன். "ஒன் பேச்சக் கேட்ட வரைக்கும் போதும்," என்றார். நான் தெருமுனை திரும்புவதற்குள் பின்கட்டுத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.